முதலில் 'பெறுநர்' யாரென்று பாருங்கள்

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் மனு எழுதித் தருவது என் தொழில். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று விடிந்ததும் விடியாததுமாக ஆள் வந்துவிடும். மனு எழுத வேண்டும் என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் எழுத ஒன்றும் இருக்காது. படித்துச் சொல்லத்தான் ஆள் தேவைப்படும். ஒரு கடிதத்தையோ செல்போனையோ நீட்டி, "இதுல என்னக்கா போட்டிருக்கு?" என்பார்கள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "நிலத்தைப் புடுங்கப் பாக்கறாங்க." "மனுசனாவே மதிக்கல." "பங்கு கிடையாதுன்னுட்டான்."

தாளை விரித்துப் பார்த்தால் அந்தப் பதில் பெரும்பாலும் அதில் இருக்காது. எழுதினவர் நல்லவரா கெட்டவரா, நம்மீது கோபமா என்பதை மனசு முதலிலேயே தீர்த்துவிடுகிறது. வார்த்தைகளை அப்புறம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். எம்.ஏ. படித்தவர்கள் இதையே இன்னும் வேகமாகச் செய்வார்கள்.

என் மேசைக்கு வருகிறவர்களை நான் இதைத் தலைகீழாகச் செய்ய வைப்பேன்: முதலில் வார்த்தை, அப்புறம் தீர்ப்பு. அதற்கு என்னென்ன கேட்பேன், தாளில் எதை முதலில் பார்ப்பேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். என்னிடம் வந்தால் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

வார்த்தையைத் தாளில் இறக்குங்கள்

ஓமலூர் தாண்டி ஒரு கிராமம். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுக் கிணறு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். தம்பி உருக்காலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறார், குடியிருப்பது தாரமங்கலத்தில். அண்ணன் மேல் மனு எழுத வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் என்ன சொன்னாருங்க?"

"கிணத்துல தண்ணி கிடையாதுன்னுட்டாருங்க."

"அதே வார்த்தையா சொன்னாரு?"

"அதுதானுங்க அர்த்தம்."

"அர்த்தம் அப்புறம் பாக்கலாம். வார்த்தையைச் சொல்லுங்க."

போனை எடுத்தார். வாட்ஸ்அப்பில் இரண்டே வரி. 'உன் முறைக்கு இந்த மாசம் நீ வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்.'

இந்த வரியைப் பகையோடு படித்தால் மிரட்டல்தான். 'நான் பாத்துக்கறேன்' என்பதை நம் ஊரில் அடிக்கப் போகிறவனும் சொல்வான், ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொள்கிறவனும் சொல்வான். போன மாதம் கிணற்று மோட்டாரின் காயில் கம்பியைத் திரும்பச் சுற்றிக் கட்டின செலவில் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டை முடியாத மனசோடு தம்பி இதைப் படித்திருக்கிறார்.

"இப்ப உங்களுக்கு எந்த ஷிப்டு?"

"ராத்திரிங்க."

"உங்க லைனுக்கு மோட்டார் ஓட்டற மும்முனை கரண்ட் எப்ப வருது?"

"இந்த மாசம் அதுவும் ராத்திரிலதான்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"காட்டுப் பக்கம் போய்ப் பாத்தீங்களா?"

போகவில்லை. கோபம் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. அண்ணனுக்குப் போன் போடவும் மாட்டேன் என்றார். அவர் மனைவிதான் எட்டி நின்றுகொண்டு அண்ணிக்குப் பேசினார். அண்ணன் ராத்திரி கண் விழித்து இரண்டு பேர் காட்டுக்கும் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தம்பி டூட்டிக்கு லீவு போட்டுச் சம்பளம் பிடித்துவிடக் கூடாதே என்பது அவர் நினைப்பு. காயில் சண்டைக்குப் பிறகு அதை வாயால் சொல்லக் கௌரவம் இடம் தரவில்லை. இரண்டு வரியில் முடித்துக்கொண்டார். மனு எழுதவில்லை. எனக்கு அன்று வரும்படியும் இல்லை.

இதில் செய்ய வேண்டிய வேலை என்னவென்றால், ஒரு வெள்ளைத்தாளை நெடுக மடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அவர் சொன்ன வார்த்தை, ஒரு எழுத்து மாற்றாமல். வலது பக்கம் உங்களுக்கு என்னவாகப் பட்டது என்பது. 'மதிக்கல', 'மறுத்துட்டான்', 'குத்திக் காட்டினா' என்பதெல்லாம் வலது பக்கத்துச் சமாச்சாரம். இடது பக்கத்தில் எழுத உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிய வந்தால், கோபப்படுவதற்கு முன்னால் அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டு வாருங்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் அன்றைக்கே எழுத வேண்டும். இரண்டு நாள் தாண்டினால் அவர் பேசியது போய், நாம் பத்துப் பேரிடம் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் ஞாபகத்தில் நிற்கும்.

பிறகு தாளின் கீழே, அதே வார்த்தையை இன்னும் எப்படியெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். அதில் ஒன்றாவது, சொன்னவர் உங்களுக்கு நல்லது நினைத்துச் சொல்லியிருந்தால் என்னவாக இருக்கும் என்பதாக இருக்கட்டும். அதை நம்பச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். எழுதின பிறகு, அவர் என்ன செய்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். தம்பி தன் காட்டைப் போய்ப் பார்த்திருந்தால் ஈர மண்ணே சொல்லியிருக்கும்.

நடுவில் ஆள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'உங்க மாமா உங்களைத் திட்டினாராம்' என்று ஒருவர் வந்து சொன்னால், திட்டினார் என்பது வந்தவரின் தீர்ப்பு. "என்ன சொல்லித் திட்டினாரு?" என்று கேளுங்கள். பல நேரம் 'அவன் எங்க வரப்போறான், வேலையா இருப்பான்' என்கிற அளவில்தான் இருக்கும். அதைச் சொல்லச் சொன்னால் வந்தவருக்கே சப்பென்று போய்விடும், பேச்சை மாற்றி டீ கேட்பார்.

அரசாங்கக் கடிதம்

இதில்தான் வேண்டாத பயமும் வேண்டாத சந்தோஷமும் அதிகம். ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகை நின்றுபோனதற்கு மனு கொடுத்திருந்தார். பதிலாக ஒரு தாள் வந்தது. பேரன் பத்தாவது படிக்கிறான், வாசித்துக் காட்டியிருக்கிறான்: 'ஏழு நாட்களுக்குள் விசாரணை அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' பாட்டி நடுங்கிப்போய் வி.ஏ.ஓ. ஆபீஸ், ஈ-சேவை மையம் என்று அலைந்து, "அறிக்கைன்னா எங்க சாமி வாங்கறது?" என்று கடைசியாக என்னிடம் வந்து நின்றார்.

தாளின் மேலே பார்த்தேன். பெறுநர்: தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம். அடியில் சின்னதாக, நகல்: மனுதாரர். அறிக்கை அனுப்ப வேண்டியது தாசில்தார். கலெக்டர் ஆபீஸ் தாசில்தாருக்குப் போட்ட உத்தரவின் நகல் ஒன்று பாட்டிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பாட்டி செய்ய வேண்டியது, அந்த நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏழு நாள் கழித்துத் தாசில்தார் ஆபீசில் போய்க் கேட்பது.

ஆகவே எந்தக் கடிதம் வந்தாலும் நடுவிலிருந்து படிக்காதீர்கள். பெறுநர் யார் என்று பாருங்கள். நீங்கள் இல்லையென்றால் கீழே 'நகல்' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். அடுத்து 'பார்வை' என்று போட்டிருக்கும் வரி. நீங்கள் கொடுத்த மனுவின் தேதி அதில் இருக்க வேண்டும். வேறு தேதி இருந்தால் வேறு ஏதோ மனுவுக்கு வந்த பதில் அது, அதை வைத்துக்கொண்டு அழுதும் பயனில்லை, சிரித்தும் பயனில்லை. பிறகு கடைசிப் பத்தி. கடிதம் என்ன செய்யச் சொல்கிறது என்பது அங்கேதான் இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் நடந்த கதை, பாதிக்கு மேல் நீங்களே மனுவில் எழுதிக் கொடுத்ததுதான். உங்கள் எதிராளி சொன்னதையும் அங்கே அப்படியே எடுத்து எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு "ஆபீசரே அவன் பக்கம் பேசறாரு" என்று கொதிக்கிறவர்கள் உண்டு. 'எதிர்மனுதாரர் தெரிவித்துள்ளார்' என்று அந்த வாக்கியத்தின் கடைசியில் இருக்கும். வாக்கியம் நீளமாக இருப்பதால் அதுவரை போகப் பொறுமை இருக்காது.

வினைச்சொல்லைக் கோடு போடுங்கள். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றால் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டியது பாக்கி இருக்கிறது. 'ஆணையிடப்படுகிறது' என்றால் போட்டாகிவிட்டது. 'பரிசீலிக்கப்படும்' என்பதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கடன் வாங்கி அஸ்திவாரம் தோண்டினவர்களை எனக்குத் தெரியும்.

நாள் கணக்கு அடுத்தது. 'இந்த அறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 நாட்களுக்குள்' என்றிருந்தால் உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதனால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது. ஆனால் எல்லாக் கணக்கும் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடாது. 2018ல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நில எடுப்பு அறிவிப்பு வந்தபோது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956ன் 3ஏ பிரிவில் வரும் அறிவிப்பு, இன்ன சர்வே நம்பர் நிலத்தை எடுக்க உத்தேசித்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லும். அந்த அறிவிப்பு அரசிதழில் வெளியான தேதியிலிருந்து 21 நாளுக்குள் 3சி பிரிவின்படி ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். அதையெல்லாம் விசாரித்து முடித்து 3டி பிரிவில் பிரகடனம் வந்த பிறகுதான் நிலம் மத்திய அரசைச் சேரும். பேப்பரில் வந்ததைப் பார்த்தவர்களில் ஒரு சாரார் நிலமே போய்விட்டது என்று சாப்பிடாமல் கிடந்தார்கள். இன்னொரு சாரார் 'உத்தேசம்தானே, பார்த்துக்கலாம்' என்று அலமாரியில் செருகினார்கள். முதல் ஆட்களைவிட இரண்டாவது ஆட்களுக்காகத்தான் எனக்குக் கவலை. அழுகிறவர் எப்படியும் யாரையாவது தேடிப் போய்க் கேட்பார். அந்தச் சாலை விவகாரம் வழக்காகி உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போன கதை ஊருக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

வக்கீல் நோட்டீசும் இதே வகை. கடுமையாகத்தான் எழுதுவார்கள், அது அவர்கள் தொழில். அது கோர்ட் உத்தரவு கிடையாது. எதிர்த் தரப்பு தன் வக்கீல் மூலமாகப் பேசுகிறது. அதற்காகக் கிழித்துப் போட்டுவிடவும் கூடாது. செக் திரும்பின விவகாரமாக இருந்தால், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போட வழி திறந்துவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்கள், 'கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று பதில் வந்தால், தர மாட்டோம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறார்கள். 2005ஆம் வருடச் சட்டம் இரண்டையும் வேறு வேறாக வைத்திருக்கிறது. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் உங்கள் விண்ணப்பத்தை 5 நாளுக்குள் அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்கும் சொல்ல வேண்டும். மறுப்பாக இருந்தால் காரணத்தையும், யாரிடம் எத்தனை நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுத வேண்டும். ஆகவே தாளில் தேட வேண்டியது எந்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள் என்பதை. அது இல்லையா, மறுப்புக்குக் காரணமும் இல்லையா, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். கோபத்தை அதில் எழுத வேண்டாம், தேதியை எழுதுங்கள்.

செல்போனில் வருவது

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. நிறுத்தாவிட்டாலும், உயிர் விஷயத்தில் மட்டும் செய்யாதீர்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் சொந்தக்காரர் ஒருவர். அம்மாவுக்குச் சேலத்தில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மச்சான் 'அம்மாவுக்கு இப்ப வலி இல்ல' என்று ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினார். இவர் அதை 'வழி இல்ல' என்று படித்தார். அந்த ராத்திரியில் இருபது கொண்டை ஊசி வளைவும் அழுதுகொண்டே பைக்கில் இறங்கி வந்து பார்த்தால், அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இட்லிக்குச் சட்னி காரம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் செய்தி என்றால் பேசுங்கள், இல்லையென்றால் குரல் பதிவாக அனுப்புங்கள். உங்களுக்கு அப்படி ஒரு செய்தி வந்தால், வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன் ஒரு போன்.

கேள்விக்குறி போடாமல் எழுதுவது இன்னொரு தொல்லை. 'நீ வரல' என்று வந்தால் அது கேள்வியா, குற்றச்சாட்டா? இரண்டில் ஒன்றை நாமே முடிவு செய்து, அன்றைக்கு நம் வீட்டில் என்ன மனநிலையோ அந்தக் குரலில் வாசித்துக்கொள்கிறோம். 'ம்', 'சரி', கட்டைவிரல் படம், இவற்றுக்குக் குரலே கிடையாது. அவற்றில் அலட்சியம் கேட்கிறது என்றால் அனுப்பினவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று யோசியுங்கள். விசைத்தறிக் கொட்டகையில் நிற்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கத்துவதே கேட்காது, உங்கள் செய்திக்கு 'ம்' வந்ததே பெரிது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒற்றை வார்த்தையில் பதில் போட்டால், ஏதோ பொடி வைத்துப் பேசுகிறான் என்று நீங்கள் வெந்துகொண்டிருப்பீர்கள். அவன் உண்மையிலேயே கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருப்பான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதற்கு மேலே என்ன இருந்தது, கீழே என்ன வந்தது என்பதுதான். நடுவில் வெட்டி அனுப்புகிறவர் ஏன் அங்கே வெட்டினார் என்பதும் ஒரு தகவல். முழுப்பேச்சையும் காட்ட மாட்டேன் என்றால் அந்தப் படத்தை வைத்து நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

ஊர்ப் பேச்சு

சேலத்தில் 'பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்' என்றால் பழையதா புதியதா என்று கேட்காமல் வண்டி ஏறக் கூடாது. 'ஸ்டேஷன்' என்றால் ஜங்ஷனா, டவுனா, போலீசா? ஏற்காட்டுக்காரர்கள் 'கீழ போயிட்டாரு' என்றால் சேலத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருள், மாடிப்படியைத் தேட வேண்டாம். அங்கே இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களைக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணி மலையாளத்தில் பேச்சுக் கொடுக்கும் டூரிஸ்டுகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசுவது தமிழ்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மரியாதையில் வரும் குழப்பம்தான் குடும்பத்தைப் பிரிக்கும். எங்கள் பக்கம் சங்ககிரி, எடப்பாடியில் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க கண்ணு' என்பார்கள். தெற்கே திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு பெண் மருமகளாக வந்தாள். மாமியார் 'வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க' என்றதை, என்னை இன்னும் வீட்டு ஆளாகச் சேர்க்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் பிரியமாகக் கொழுந்தனை 'வா, போ' என்றதை, மரியாதை தெரியாத இடத்துப் பெண் என்று மாமியார் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் புலம்பினார்கள், ஒருவர் வந்தது இன்னொருவருக்குத் தெரியாமல்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது: "அத்தை அவங்க சொந்த மகள்கிட்ட எப்படிப் பேசறாங்கன்னு ஒரு நாள் கவனி. அங்கயும் 'வாங்க'ன்னா, அது உனக்காக வெச்ச தூரம் இல்ல." மகளிடமும் 'வாங்க'தான். ஒருவரின் பேச்சை அளக்க உங்கள் வீட்டுப் பழக்கம் உதவாது, அவர் மற்றவர்களிடம் பேசுகிற பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். எப்போதும் 'ங்க' போடுகிற ஆள் திடீரென்று 'நீ' என்றால் அதைக் கவனிக்கலாம். எப்போதும் 'நீ' என்கிற ஆள் திடீரென்று 'நீங்க' என்றால், இன்னும் நன்றாகக் கவனியுங்கள்.

'பார்க்கலாம்', 'யோசிச்சுச் சொல்றோம்', 'ஜாதகம் பார்த்துட்டுச் சொல்றோம்' இவையெல்லாம் நம் ஊரில் முகம் முறிக்காமல் 'இல்லை' என்று சொல்வதற்கான வழி. சில சமயம் உண்மையாகவே ஜாதகமும் பார்ப்பார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி, அடுத்த அடியைக் கேட்பது. "அப்ப வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணட்டுங்களா?" என்று கேளுங்கள். "பண்ணுங்க, சாயங்காலம் வீட்டுல இருப்போம்" என்றால் பேச்சு உயிரோடு இருக்கிறது. அதற்கும் "பார்க்கலாம்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

திருப்பிக் கேட்கும் விதம்

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள். கேட்கிற தொனியிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு செயலாக மாற்றிச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தம்பி, "அப்ப புதன்கிழமை நான் வரல. என் காட்டுக்கும் நீங்களே பாய்ச்சிடுவீங்க, அப்படித்தானேண்ணா?" என்று கேட்டிருந்தால் போதும். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் பதில் வந்திருக்கும். முறை சொல்லிக் கூப்பிடுங்கள்: அண்ணா, மாமா, அக்கா. குடும்பக் குரூப்பில் கேட்க வேண்டாம், பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் இறங்கி வந்து விளக்க மாட்டார்கள்.

அலுவலகத்தில் வேறு விதம். அதிகாரி வாயால் ஏதோ சொல்வார், நாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்வோம். அவர் முன்னாலேயே தாளை எடுத்து, "ஐயா, என்னென்ன கொண்டு வரணும், எந்தத் தேதிக்குன்னு எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் அவரே திருத்துவார். சிலர் பேனாவை வாங்கி எழுதியே கொடுப்பார்கள்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகு, நீங்கள் முதலில் நினைத்ததே சரி என்று தெரிய வரலாம். ஆள் உண்மையாகவே அவமானப்படுத்தினார், உண்மையாகவே பங்கை மறுக்கிறார். எல்லாச் சண்டையும் புரிதல் கோளாறு என்று சொல்லித் திரிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் பெரும்பாலும் பலமான பக்கத்து ஆட்களாக இருப்பார்கள். மாட்டிக்கொண்டதும் "நீங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்பவரை ஒரு கேள்வியில் பிரித்துவிடலாம்: "சரிங்க, அப்ப நீங்க சொல்ல வந்தது என்ன?" மனசில் வேறு இருந்தவர் விவரமாகச் சொல்வார், தேதியும் ஆளும் அதில் வரும். இல்லாதவர் உங்கள் புத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். இரண்டாவது ரகத்துக்கு அந்த மடித்த தாளின் இடது பக்கத்தைக் கொண்டு வாருங்கள், நானே மனு எழுதித் தருகிறேன். அவர் சொன்ன வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுவேன், எப்போது, எங்கே, யார் எதிரில் என்பதோடு.

நீங்கள் சொன்னதை மற்றவர் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது, இல்லவே இல்லை என்றால் அவரைப் பொய்யர் ஆக்குகிறீர்கள். "உனக்கு அப்படிப் பட்டிருக்கும், நான் சொல்ல வந்தது இது" என்று வேறு வார்த்தையில் சொல்லுங்கள். பழைய வாக்கியத்தையே உரக்கச் சொன்னால் விளங்காது. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் சரி செய்ய வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் மற்ற மூன்று பேர் மனசில் பழையதுதான் இருக்கும்.

மனுவில் எழுதும்போது அதிகாரி உங்களைத் தப்பாகப் படிக்காமல் இருக்க, ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாவும் சாக்கடையும் மகன் வேலையும் ஒரே தாளில் வந்தால், எது அவர் கண்ணில் முதலில் படுகிறதோ அந்த அலுவலகத்துக்கு மனு போய்விடும். ஊர், வட்டம், சர்வே எண், உட்பிரிவு, ஆதாரில் உள்ளபடி பெயர், இவை முதல் பத்தியிலேயே வரட்டும். என்ன வேண்டும் என்பது தனி வரியாக இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன், விஷயமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, "நான் என்ன கேக்கறேன்னு இருக்கு இதுல?" என்று கேளுங்கள். டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவரே போதும். "யாரு மேலயோ புகார் போலங்க" என்று அவர் சொன்னால், கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.